படிவத்தில் மறையும் வரிகள்: பிழை நிரப்புபவருடையது அன்று

ஆசிரியர் அவர்கட்கு,

இணையவழிப் படிவங்களை நிரப்பும்போது, தாங்கள் சேர்த்த வரிகள் கண்முன்னே மறைந்துபோகின்றன என்று நம் பகுதி மக்கள் சொல்லும் முறைப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். நான் கோண்டாவிலில் கணினி நிரலாக்கம் கற்பிப்பவன். வார இறுதி மாலைகளில் எங்கள் சனசமூக நிலையத்தில் இருந்து, இணையத்தில் விண்ணப்பம் நிரப்ப வருபவர்களுக்கு உதவி வருகிறேன். இந்த முறைப்பாட்டை அங்கே பல தடவை கேட்டிருக்கிறேன், கண்ணாலும் கண்டிருக்கிறேன். இதற்கான காரணம் நிரப்புபவரின் கையில் இல்லை, படிவத்தை எழுதியவரின் நிரலில் இருக்கிறது என்பதையும், அது நிரலாளர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நன்கு தெரிந்த ஒரு காரணம் என்பதையும் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

அண்மையில் ஒரு தாய் வந்திருந்தார். ஐந்து பிள்ளைகளுக்கும் கல்வி உதவி கோரும் விண்ணப்பம் அது. எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கு வேண்டியதில்லை. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பிறப்புச் சான்றிதழ் இலக்கம், பாடசாலை, தரம் என ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. முதல் வரி பக்கத்திலேயே இருந்தது. மற்ற நான்கையும் ‘இன்னொருவரைச் சேர்க்க’ என்ற பொத்தானை அழுத்தி வரவழைக்க வேண்டும். நிரப்பிவிட்டு அழுத்தினால் நிரப்பியவை வெறுமையாகிவிடுகின்றன என்பதால், வரிகளை எல்லாம் முதலில் சேர்த்துக்கொண்டு பிறகு நிரப்பும்படி அவருக்குச் சந்தியிலுள்ள கொமினிகேசன் கடையில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தோம். ஐந்து பிள்ளைகளின் விபரங்களையும் சான்றிதழ்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சிட்டு முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் சென்றது. கடைசியாக, கீழே இருந்த மாவட்டப் பட்டியலில் யாழ்ப்பாணம் என்று தெரிவுசெய்தோம். பக்கம் ஒரு கணம் வெளுத்து மீண்டும் வந்தபோது முதல் பிள்ளையின் வரி மட்டுமே எஞ்சியிருந்தது.

உதவிக்கென்று தரப்பட்டிருந்த இலக்கத்துக்கு அழைத்தோம். “நீங்கள் எங்கேயோ மாறி அமத்திப்போட்டியள் அம்மா, முதலிலையிருந்து போடுங்கோ” என்று பதில் வந்தது. அந்தத் தாய் அதை அப்படியே நம்பிவிட்டார். தமக்குப் படிப்புப் போதாது என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். அவர் எதையும் மாற்றி அழுத்தவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அந்தப் பதில்தான்.

நடந்தது என்ன என்பதைக் கணினி படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன். நாம் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, தொலைவிலுள்ள சேவையகம் அந்தப் பக்கத்தை உருவாக்கி அனுப்பிவிட்டு நம்மை மறந்துவிடுகிறது. இணையம் இயங்கும் எச்.ரி.ரி.பி. என்ற நெறிமுறையின் இயல்பே அதுதான். ஒரு கோரிக்கைக்கும் அடுத்த கோரிக்கைக்கும் இடையில் அது எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. நமது வைத்தியசாலைகளில் கிளினிக்குக்குச் செல்பவர்கள் இதை எளிதாக விளங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு மாதமும் வேறு வைத்தியர் இருக்கக்கூடும். அவருக்கு நம்மைத் தெரியாது. நம் கையிலுள்ள கிளினிக் கொப்பியைப் பார்த்துத்தான் போன மாதம் என்ன மருந்து தரப்பட்டது என்று அறிந்துகொள்வார். கொப்பியைக் கொண்டு செல்வது நமது பொறுப்பு.

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஏ.எஸ்.பி. டொட் நெற் வெப் ஃபோர்ம்ஸ் என்ற முறை இப்படி ஒரு கொப்பியைப் பக்கத்துக்குள்ளேயே மறைத்து வைத்தது. வியூஸ்டேட் என்பது அதன் பெயர். எழுத்துப்பெட்டி, பட்டியல், பொத்தான் முதலிய பக்கத்து உறுப்புகளின் நிலை, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலத்தில் எழுத்துக்கோவையாக அடைக்கப்பட்டு உலாவிக்கு வந்து, நாம் பொத்தானை அழுத்தும்போதும், சில பட்டியல்களில் ஒன்றைத் தெரிவுசெய்யும்போதும் மீண்டும் சேவையகத்துக்குச் செல்கிறது. சேவையகம் பக்கத்தைப் புதிதாகக் கட்டி, கொப்பியைப் பிரித்து, ஒவ்வொரு உறுப்புக்கும் அதன் பழைய நிலையைத் திருப்பிக் கொடுக்கிறது. அக்காலத்தில் அது பெரிய வசதியாக இருந்தது. அலுவலகங்களின் உள்ளகப் பதிவேடுகள் முதல் பொதுமக்களுக்கான படிவங்கள் வரை ஏராளமானவை அம்முறையில் எழுதப்பட்டன; பல இன்றும் இயங்குகின்றன.

ஆனால் கொப்பியில் இருப்பது உறுப்புகளின் நிலை மட்டுமே, உறுப்புகள் அல்ல. சிக்கல் தொடங்குவது இங்கேதான். பக்கத்தை வடிவமைத்தபோதே வரைந்து வைத்த எழுத்துப்பெட்டிகளைச் சேவையகம் ஒவ்வொரு தடவையும் தானாகவே கட்டிக்கொள்ளும், ஏனெனில் அவை பக்கத்தின் கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் நிரல் தன் கையால் உருவாக்கிய பெட்டிகள் அந்தக் கோப்பில் இல்லை. அடுத்த கோரிக்கை வரும்போது அவற்றை நிரலே மறுபடியும் உருவாக்க வேண்டும். உருவாக்காவிட்டால், கொப்பியில் அவற்றின் நிலை எழுதப்பட்டிருந்தும் அதைப் பெற்றுக்கொள்ள அங்கே எவரும் இருக்கமாட்டார்கள்.

என் மாணவர்களுக்கு இதைப் பரீட்சை மண்டபத்தை வைத்து விளக்குவது வழக்கம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் மண்டபம் வெறுமையாகத் தொடங்குகிறது. நிலையான மேசைகளைக் காவலாளி அடுக்கிவிடுகிறார். மேலதிக மேசைகளை நீங்கள்தான் கொண்டுவந்து போடவேண்டும். மேசைகள் போட்டபின் இருவர் தாள் பகிர வருகிறார்கள். முதலாமவர் வியூஸ்டேட். அவர் வழக்கமாகச் சுட்டெண்ணைப் பார்ப்பதில்லை. முதலாவது மேசை, இரண்டாவது மேசை என்று வரிசைப்படி தாளை வைத்துக்கொண்டு போவார். இரண்டாமவர் மக்கள் தட்டச்சிட்டு அனுப்பிய தரவைக் கொண்டுவருபவர். அவர் மேசையில் ஒட்டியிருக்கும் சுட்டெண்ணை, அதாவது அந்த உறுப்பின் ஐ.டி.யை மட்டுமே பார்ப்பார். ஆகவே மேலதிக மேசைகளை ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில் போடவும் வேண்டும். அதே சுட்டெண்ணை ஒட்டவும் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் எவருடைய தாளோ எவருக்கோ போகும், அல்லது எவருக்கும் போகாது.

எழுத்துப்பெட்டியில் நாம் எழுதியது வியூஸ்டேட்டில்தான் காக்கப்படுகிறது என்று பல இளம் நிரலாளர்கள் எண்ணுகிறார்கள். அது அப்படியன்று. எழுதியதை மீட்டுத் தருபவர் இரண்டாமவர். அதனால்தான் ஐ.டி.யைக் குறிப்பிடாமல் விட்டு, தானாக இடப்படும் இலக்கத்தை நம்பியிருப்பது ஆபத்தானது. வரிசையில் ஒரு பெட்டி கூடினால் அல்லது குறைந்தால் தானியங்கி இலக்கங்கள் எல்லாம் நகர்ந்துவிடும்.

மேசைகளை எப்போது போடவேண்டும் என்பதும் முக்கியம். பக்கத்தின் வாழ்வோட்டத்தில் இனிட் என்ற கட்டம் முதலில் வருகிறது. அதன்பின் வியூஸ்டேட் ஏற்றப்படுகிறது. பிறகு அனுப்பப்பட்ட தரவு பகிரப்படுகிறது. பிறகு லோட் கட்டம். அதற்கும் பிறகே பொத்தானை அழுத்திய நிகழ்வு நடைபெறுகிறது. இனிட் கட்டத்தில் உருவாக்கிவிட்டால் எல்லாம் முறைப்படி கிடைக்கும். லோட் கட்டத்தில் உருவாக்கினாலும் பெரும்பாலும் தப்பிக்கொள்ளலாம், ஏனெனில் புதிதாகச் சேர்ந்த உறுப்புக்கு வியூஸ்டேட் பின்தொடர்ந்து வந்து சேரும். தரவைப் பகிர்பவரும் லோட் முடிந்ததும் இன்னொரு தடவை சுற்றி வருவார். பொத்தான் நிகழ்வுக்குள் உருவாக்கப்படும் பெட்டிக்கோ அந்த இரண்டாவது சுற்றும் முடிந்துபோயிருக்கும். எழுதியது கிடைக்காது, அந்த வரியில் ஒரு நீக்கற் பொத்தான் இருந்தால் அதன் நிகழ்வும் நடக்காது. நாங்கள் நிரப்பிய படிவத்தில் வரிகள் பொத்தான் நிகழ்வுக்குள் மட்டுமே கட்டப்பட்டிருக்கவேண்டும் என்பது அதன் நடத்தையிலிருந்தே தெரிகிறது. ‘சேர்க்க’ என்று அழுத்தும்போது வரிகள் புதிதாகக் கட்டப்பட்டன, எனவே வெறுமையாக வந்தன. மாவட்டத்தைத் தெரிவுசெய்தபோது அவற்றைக் கட்டுவதற்கு எவரும் இருக்கவில்லை, எனவே அவை வரவேயில்லை.

இதைவிடப் பரவலான பிழை ஒன்றும் உண்டு. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அதைச் செய்தவன்தான். பக்கம் முதன்முறையாகத் திறக்கப்படுகிறதா, மீண்டும் அனுப்பப்பட்டு வருகிறதா என்று பார்க்கும் இஸ்போஸ்ட்பேக் நிபந்தனைக்குள், வரிகளை உருவாக்கும் நிரலையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். முதன்முறை மட்டும் செய்யவேண்டியவை அதற்குள் இருக்கவேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பார்கள், படித்ததும் சரியே. ஆனால் முதன்முறை மட்டும் செய்யவேண்டியது தொடக்கப் பெறுமானத்தை இடுவது. உருவாக்குவது ஒவ்வொரு முறையும் செய்யவேண்டியது. இதை மாற்றிச் செய்தால் இன்னொரு கோளாறும் வரும். லோட் கட்டத்தில் நிபந்தனையின்றிப் பெறுமானத்தை இட்டுக்கொண்டிருந்தால், மக்கள் எழுதியதன் மேல் பழையது மீண்டும் எழுதப்பட்டுவிடும்.

அப்படியானால் எத்தனை வரிகள் இருந்தன என்பதை நிரல் எங்கே நினைவில் வைப்பது? இந்தக் கேள்விக்கான விடையில்தான் நிரலாளரின் பொறுப்பு வெளிப்படுகிறது. வரிகளின் பட்டியலை வியூஸ்டேட்டிலேயே வைக்கலாம். ஆனால் இனிட் கட்டத்தில் வியூஸ்டேட் இன்னும் ஏற்றப்பட்டிருக்காது. எனவே வியூஸ்டேட்டை ஏற்றும் செயற்பாட்டை மேலெழுதி, பட்டியல் கைக்கு வந்த உடனே, வரிகளுக்குள் இருக்கும் உறுப்புகளுக்குரிய நிலை பகிரப்படுவதற்கு முன்னர், வரிகளைக் கட்டிவிட வேண்டும். என் அனுபவத்தில் இதுவே நம்பகமான வழி. மறைபுலம் ஒன்றில் எண்ணிக்கையை வைத்து, இனிட் கட்டத்தில் அனுப்பப்பட்ட தரவிலிருந்து நேரடியாக வாசிப்பவர்களும் உண்டு. அதுவும் வேலை செய்யும். எனினும் அந்த எண்ணை உலாவியில் எவரும் மாற்றி அனுப்பலாம் என்பதால் உச்சவரம்பு வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

செஷன் என்ற சேவையக நினைவகத்தில் வைப்பது எளிது. பலரும் அதையே செய்கிறார்கள். நமது சூழலுக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. அதன் வழமையான ஆயுட்காலம் 20 நிமிடங்கள். சேவையகத்துக்கு எதுவும் அனுப்பாமல் அந்நேரத்துக்கு மேல் தட்டச்சிட்டுக்கொண்டிருந்தால் நினைவு அழிந்துவிடும். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஒற்றை விரலால் தட்டும் ஒரு தாத்தாவுக்கு 20 நிமிடங்கள் எம்மட்டுக்கு? அத்துடன் செஷன் உலாவி முழுவதற்கும் பொதுவானது. கொமினிகேசன் கடையில் ஒரே கணினியில் உலாவியின் இரண்டு தத்தல்களை (ரப்) திறந்து, இரண்டு குடும்பங்களின் விண்ணப்பங்களை அருகருகே நிரப்புவது நாள்தோறும் நடக்கிறது. பட்டியல் செஷனில் இருந்தால் ஒரு குடும்பத்துக்குச் சேர்த்த வரி மற்றக் குடும்பத்தின் படிவத்தில் தோன்றும்.

வரியை நீக்கும்போது ஏற்படுவது எல்லாவற்றிலும் கொடியது. நான்கு வரிகளில் இரண்டாவதை நீக்கியதும், எஞ்சியவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று புதிதாக இலக்கமிட்டுக் கட்டும் நிரல்களைக் கண்டிருக்கிறேன். உறுப்புகளின் வகை மாறியிருந்தால் வியூஸ்டேட் பொருந்தவில்லை என்ற பிழைச்செய்தியுடன் பக்கம் நின்றுவிடும். அது எவ்வளவோ நல்லது. எல்லாம் ஒரே வகைப் பெட்டிகளாக இருந்தால் எந்தச் செய்தியும் வராது. நீக்கிய பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இலக்கம் அடுத்த பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு தரவுத்தளத்துக்குள் போய்விடும். பல மாதங்கள் கழித்து, பிழையான தகவல் தந்தீர்கள் என்று அந்தக் குடும்பத்துக்கே கடிதம் வரும். இதைத் தவிர்க்கும் வழி கடினமானதன்று. ஒரு வரிக்கு ஒருமுறை இட்ட இலக்கத்தை வேறு எந்த வரிக்கும் இடக்கூடாது. கோரிக்கை வந்ததும் பழைய பட்டியலின்படி 1, 2, 3, 4 ஆகிய நான்கையும் கட்டி, தரவு அனைத்தும் உரியவற்றுக்குப் போய்ச்சேர விட்டு, அதன்பின் நீக்கும் நிகழ்வில் இரண்டாவதை எடுத்துவிட்டு, 1, 3, 4 என்ற பட்டியலைச் சேமிக்க வேண்டும். அடுத்த தடவை அந்த மூன்றும் அதே இலக்கங்களோடு கட்டப்படும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சுமையையும் இங்கே குறிப்பிடவேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. ஒவ்வொரு வரியிலும் கிராம அலுவலர் பிரிவைத் தெரிவுசெய்யும் பட்டியல் ஒன்றை வைத்து, 435 பெயர்களையும் வியூஸ்டேட்டில் விட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யு.ரி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் கொள்கிறது; வியூஸ்டேட்டை எழுத்துக்கோவையாக்கும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாகிறது. ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரு சொல்லில், புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணினால், 11 குறியீடுகள். அது 33 பைட்டாகி, 44 எழுத்துகளாக நிற்கும். ஒரு பெயருக்குப் பத்துக் குறியீடுகள் என்று கொண்டாலும் ஒரு பட்டியல் 17,400 எழுத்துகள். ஆறு வரிகளுக்கு ஒரு இலட்சத்தைத் தாண்டும். அத்தனையும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் போய்வர வேண்டும். நெடுந்தீவில் கைத்தொலைபேசியின் மெல்லிய அலைவரிசையில் நிரப்பும் ஒருவர் இதற்குக் காத்திருந்து களைத்துப்போவார். அந்தப் பட்டியலுக்கு மட்டும் வியூஸ்டேட்டை நிறுத்திவிட்டு, இனிட் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் பெயர்களை நிரப்பினால் போதும். தெரிவுசெய்த பிரிவு அனுப்பப்பட்ட தரவிலிருந்து தானே மீளும்.

ஒரே மாதிரியான வரிகளுக்கு ரிப்பீற்றர் போன்ற உறுப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. அது தன் வரிகளின் எண்ணிக்கையைத் தானே குறித்துவைத்து, மறுமுறை தானே கட்டிக்கொள்கிறது. குடும்ப உறுப்பினர் பட்டியல் போன்றவற்றுக்கு இதுவே போதுமானது. எந்த வரியில் எந்த வகை உறுப்பு வரும் என்பதே முன்கூட்டித் தெரியாத படிவங்களுக்குத்தான் கையால் கட்டும் முறை உண்மையில் தேவைப்படுகிறது.

வெப் ஃபோர்ம்ஸ் பழையது, அதைப் பற்றி இப்போது ஏன் பேசவேண்டும் என்று சிலர் கேட்கலாம். மைக்ரோசொஃப்டின் புதிய டொட் நெற் வழியில் அது சேர்க்கப்படவில்லை என்பது உண்மை. ஆயினும் பழைய டொட் நெற் ஃபிரேம்வேர்க்கில் அது இன்னும் இயங்குகிறது. எழுதப்பட்ட அமைப்புகளை மாற்றி எழுதப் பணம் இல்லாத அலுவலகங்களே அதிகம். அதற்கு மேலாக, இந்தப் பாடம் அந்த ஒரு முறையோடு முடிந்துபோகவில்லை. இணையப் பக்கங்களை அமைக்க இன்று நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் ரியாக்ட் என்ற நிரல் நூலகத்தில், பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஒரு சாவியைக் கொடுக்காமல் வரிசை இலக்கத்தையே சாவியாகக் கொடுத்தால், நடுவில் ஒரு வரியை நீக்கியதும் ஒருவர் எழுதியது மற்றவர் வரியில் போய் நிற்கும். சுட்டெண்ணை மாற்றி ஒட்டிய அதே பிழைதான் அதுவும்.

ஆகவே நிரலாக்கம் கற்பிக்கும் என் சக ஆசிரியர்களிடம், பக்கத்தின் வாழ்வோட்டத்தை மாணவர்கள் தமிழில், தங்கள் கையால் வரைந்து விளக்கும்வரை அடுத்த பாடத்துக்குப் போகவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிரலைப் பார்த்து எழுதி, அது ஓடினால் போதும் என்று விட்டுவிடுவதால்தான் இந்தப் பிழை தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுகிறது.

படிவங்களை எழுதுவித்துப் பெறும் நிறுவனங்களின் பொறுப்பதிகாரிகள், பணம் செலுத்துவதற்கு முன்னர் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தாங்களே அமர்ந்து ஐந்து வரிகளைச் சேர்த்து நிரப்பிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு பெயர்களை எழுதுங்கள். பிறகு மாவட்டத்தை மாற்றுங்கள். நடுவில் ஒரு வரியை நீக்குங்கள். கட்டாயப் புலம் ஒன்றை வெறுமையாக விட்டுச் சமர்ப்பித்து, எச்சரிக்கை வந்தபின் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்தை அப்படியே விட்டுத் தேநீர் அருந்தி, அரை மணி நேரம் கழித்து வந்து மீண்டும் ஒரு வரியைச் சேருங்கள். முடிவில் தரவுத்தளத்தில் பதிவானதைக் கடதாசியில் எடுத்து, எழுதிய பெயர்களோடு ஒப்பிடுங்கள். இதற்குக் கணினி அறிவு தேவையில்லை. தொலைபேசியில் பதில் சொல்பவர்களும் அழைத்தவரை மாறி அமத்தியதாகச் சொல்வதை விடுத்து, எதை அழுத்தியபோது எந்த வரி போனது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு நிரலாளருக்கு அனுப்பவேண்டும். அந்த ஒரு குறிப்பே பிழையைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் போதும்.

அந்தத் தாய் இணையத்தில் மீண்டும் முயலவில்லை. கடதாசிப் படிவம் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஐந்து பிள்ளைகளின் விபரங்களையும் என் முன்னிலையில் கையால் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினார். நானும் அந்த நிறுவனத்துக்கு, வரிகள் எந்தக் கட்டத்தில் கட்டப்படவேண்டும் என்பதை விளக்கி எழுதியிருக்கிறேன். இதே சிக்கலோடு போராடும் நிரலாளர்கள் எவரேனும் இருந்தால், சனிக்கிழமை மாலைகளில் எங்கள் சனசமூக நிலையத்துக்குத் தங்கள் நிரலோடு வரலாம். சேர்ந்திருந்து திருத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
நிரலாக்க ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.